இஸ்திரிப் பெட்டியை வைத்த கை

ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கின்றன என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். தூக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கிறது. உங்கள் முதுகுவலி எப்படி? மெஷின் முன்னால் குனிந்தே கிடக்காதீர்கள் என்று சொல்லலாம்தான், ஆனால் இங்கே நானும் அதையேதான் செய்கிறேன்.

“போன்ல நீ ‘ம்’ கொட்டறதைத் தவிர ஒண்ணும் பேசறதில்ல, எழுதினாத்தான் உனக்கு வாய் வருது” என்று போன தடவை திட்டினீர்களே, அதனால்தான் இந்தக் கடிதம். கடைசி வருஷம் ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஆசிரியை எல்லோருக்கும் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்: நீங்கள் உடுத்துகிற விதம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? நான்கு பக்கம். மற்றவர்கள் எல்லாம் சினிமாவிலிருந்து, பத்திரிகையிலிருந்து என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இங்கே ‘கசங்கல்’ என்று பட்டப்பெயர், தெரியுமா? இஸ்திரி போடாத வெள்ளைச் சட்டையும் தொளதொள பேன்ட்டுமாகத் திரிகிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது முதல் வருஷப் பெண்கள் இரண்டு பேர் சட்டையை நனைத்து, முறுக்கிக் காயவைத்து, என்னைப் போலவே வருகிறார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. அதில் ஒரு தத்துவம் இருக்கிறதாம்.

ஆனால் கட்டுரை என்னிலிருந்து தொடங்க முடியாது. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே உங்கள் பச்சைக் கோட்டால்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த ஆடைக் கம்பெனி வெளியூரில் இரண்டு வருஷப் பயிற்சிக்கு ஆள் எடுத்தது, அவரவர் வெட்டித் தைத்ததை அவரவர் போட்டுக்கொண்டு நேர்முகத்துக்கு வர வேண்டும் என்று கேட்டது, நீங்கள் மூன்று வாரம் உட்கார்ந்து தைத்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. காலர் எப்படி இருந்தது, உள் துணி என்ன நிறம் என்பது மட்டும் மறந்துவிட்டது. எழுதுவீர்களா?

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
வாலு



ஜூலை 3

வாலுக்கு,

இங்கே இரண்டு பேரும் சௌக்கியம். முதுகு அதன் இடத்தில் இருக்கிறது, வலியும் அதன் இடத்தில் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. கசங்கலாக இருப்பது சட்டையோடு போகட்டும், உடம்புக்கு வேண்டாம்.

கடையில் சீசன். இன்றைக்கு மட்டும் பதினேழு பேன்ட்டுக்குக் கால் குறைத்தேன். மனுஷர்கள் குட்டையாகிக்கொண்டு வருகிறார்களா, பேன்ட்டுகள் வளர்கின்றனவா, தெரியவில்லை. புதிதாகத் தைத்துப் பார்க்க நேரமும் இல்லை, கேட்கிறவர்களும் இல்லை. குறை, கூட்டு, இடுப்பைப் பிடி, இவ்வளவுதான் வேலை.

அந்தக் கோட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. காலர் மூன்றேகால் அங்குலம், முனை கொஞ்சம் வட்டம். முதுகில் நடுத் தையல், இடுப்பில் பக்கத்துக்கு ஒரு பிடிப்பு. உள் துணி மை நீலம். முன்னால் ஐந்து பொத்தான், உள்ளே உபரியாக ஒன்று. மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

உன் அண்ணன் நேற்று என் கண்ணாடி ஜாடியைப் போட்டு உடைத்தார். நானும் வழக்கம்போல, “இஸ்திரிப் பெட்டியை வெச்ச கைதானே” என்றேன். அவரும் வழக்கம்போல, “ஆமா” என்று சொல்லிவிட்டுத் துடைப்பம் எடுத்து வந்தார். ஊரில் நாற்பது லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக், வீட்டுக்குள் வந்தால் இப்படி. சரி, உனக்கு வேலைக்கு ஆள் எடுக்க எப்போது வருகிறார்கள்? அதை எழுதவே இல்லையே.

அன்புடன்
அண்ணி



ஜூலை 22

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க நேரமில்லை, விஷயம் அப்படி. என் கட்டுரைதான் வகுப்பிலேயே முதலாவது! பல்கலைக்கழக இதழில் போடப்போகிறார்கள். ஆசிரியை வகுப்பில் வாசித்தபோது ஓர் இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த இடத்தை உங்களுக்காக எழுதி அனுப்புகிறேன்:

“மறுநாள் காலை நேர்முகம். அண்ணி ரயில் டிக்கெட் எடுக்கப் போயிருந்தார். அண்ணன் தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். யாரோ நான்கு பேரைக் காப்பாற்றுவதற்காக அண்ணன் ஓடினான், சூடான இஸ்திரிப் பெட்டியை அண்ணியின் கோட்டு முதுகில் வைத்துவிட்டு. நான்கு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். கோட்டுக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் வீட்டில் இன்றும் எது உடைந்தாலும், ‘இஸ்திரிப் பெட்டியை வைத்த கைதானே’ என்பார்கள். நான் கசங்கிய சட்டை அணிவதற்குக் காரணம் கேட்கிறார்கள். இஸ்திரிப் பெட்டி ஒரு பெண்ணின் எதிர்காலத்தை என்ன செய்யும் என்று பார்த்து வளர்ந்தவள் நான்.”

நன்றாக இருக்கிறதா? இதழ் வந்ததும் இரண்டு பிரதி அனுப்புகிறேன்.

இன்னொன்று. நவம்பரில் இங்கே ஆள் எடுக்க வருவது அதே கம்பெனி. நிபந்தனையும் அதேதான், நாமே தைத்ததைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். பெயர் கொடுக்க அக்டோபர் கடைசி வரை நேரம் இருக்கிறது. கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒரு தோழி, வேலையே வேண்டாம், சின்னதாக ஓர் அறை எடுத்து இருவரும் சேர்ந்து தைக்கலாம் என்கிறாள். காலையில் ஒரு முடிவு, சாயங்காலம் ஒரு முடிவு என்று போகிறது.

உங்கள்
வாலு



ஆகஸ்ட் 27

வாலுக்கு,

சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

இதழ் கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறாய். கோட்டை நான் தைத்ததைவிட நீ எழுதியது நன்றாக இருக்கிறது.

உன் அண்ணனும் படித்தார். சிரித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார். அப்போது சிரிக்கவில்லை. லிஃப்ட் ஆபீசுக்கு ஒரு பிரதி எடுத்துப் போகிறேன் என்றவர், மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். வழக்கமான மறதியா என்று தெரியவில்லை.

அந்தப் பாராவை நீ விட்டிருக்கலாம். நான் சொல்லலாம் அவரை. நான் சொன்னால் அது வீட்டுக்குள் இருக்கும்.

கம்பெனிக்குப் பெயர் கொடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அண்ணி



செப்டம்பர் 5

அன்புத் தங்கச்சி பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம். நீ நலமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் திருத்திப் படி. லிஃப்ட்டுக்குள் ஒட்டுகிற அறிவிப்பு மட்டும்தான் எழுதியிருக்கிறேன், அதிலும் ‘ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது’ என்பதற்கு மேல் போனதில்லை.

உன் கட்டுரையைப் படித்தேன். பெருமையாக இருந்தது. நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை, நடந்ததைத்தான் எழுதியிருக்கிறாய். அவள் போக வேண்டும் என்று நான்தான் முதலில் சொன்னேன். “ரெண்டு வருஷம்தானே, போயிட்டு வா, நானும் பாப்பாவும் சமாளிச்சுக்கறோம்” என்றேன். அப்படிச் சொன்ன நானே கெடுத்தேன். அவள் கடையில் மற்றவர்கள் பேன்ட்டை மடித்துத் தைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் தோன்றும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். அன்றைக்கு ஸ்விட்சை அணைத்தது போலவே எனக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது. பெட்டியை ஜன்னலோரம் நிமிர்த்தி வைத்தது போலவும் இருக்கிறது. ஆனால் கோட்டு எரிந்தது நிஜம். தலையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவன் ஞாபகத்தை யார் நம்புவார்கள்? நானே நம்புவதில்லை. அதிலிருந்து எங்கே வேலை பார்த்தாலும் படி இறங்கினபிறகு திரும்பப் போய் ஒரு தடவை ஸ்விட்சைப் பார்த்துவிட்டு வருவேன். ஆபீசில் என்னை ‘ரிட்டர்ன் டிக்கெட்’ என்பார்கள்.

உன்னிடம் ஒரு உதவி. நீ இப்போது அந்தப் படிப்பில் இருக்கிறாய். அதே பச்சையில் துணி கிடைக்குமா? கிடைத்தால் அதே மாதிரி ஒன்று தைக்க முடியுமா? அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அண்ணன்



செப்டம்பர் 29

அண்ணி,

நலமாக இருக்கிறீர்களா? நான் நலமாக இல்லை. இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஆறாவது.

கோட்டைக் கருக்கியது நான்.

அண்ணன் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் போனான். பெட்டியை ஜன்னலோரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போனான். நான் கதவுப் பக்கம் நின்று பார்த்தேன். அவன் படி இறங்கியதும் ஸ்விட்சைப் போட்டேன். சூடாகும்வரை நின்றேன். பிறகு எடுத்துக் கோட்டின் முதுகில் வைத்தேன். வாசனை வந்ததும் எடுத்துவிடலாம் என்று இருந்தேன், லேசாகப் பழுப்பேறினால் போதும் என்று நினைத்தேன். வாசனை வந்தது. எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போய்விட்டேன்.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “ரெண்டு நாள்ல வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதற்கு அடுத்த வருஷம் நீங்கள் வந்தீர்கள். எனக்குத் தலை பின்னிவிட்டீர்கள், பாவாடைக்கு மடிப்பு வைக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். பிறகு ஒரு நாள் நீங்களும் பெட்டியில் துணி அடுக்கினீர்கள். அம்மா சொன்ன இரண்டு நாளே அப்படி ஆகிவிட்டது, நீங்கள் இரண்டு வருஷம் என்றீர்கள்.

சின்னப் பெண் செய்தாள் என்று இதை விட்டுவிட முடியும். ஆனால் அன்று சாயங்காலம் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள், அண்ணன் தன் கையைப் பார்த்தான், நான் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து வயதில் திறக்கவில்லை. பதினெட்டில் திறக்கவில்லை. இருபத்தொன்றில் அதை நகைச்சுவையாக எழுதிப் பாராட்டு வாங்கினேன். இதற்குச் சின்னப் பெண் என்று பெயர் இல்லை.

என் கசங்கல் சட்டை தத்துவமும் இல்லை, ரசனையும் இல்லை. இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் போனாலே எனக்கு அந்த வாசனை வருகிறது. வகுப்பில் பக்கத்து மேஜைப் பெண்தான் என் தையல்களை அழுத்திக் கொடுக்கிறாள், பதிலுக்கு நான் அவளுக்குக் காலர் வெட்டிக் கொடுக்கிறேன். இப்படியே மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன். அதைத்தான் எல்லோரும் ஸ்டைல் என்கிறார்கள்.

அண்ணன் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். என்ன எழுதினான் என்று கேட்காதீர்கள். அதைப் படித்த பிறகு என்னால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

வாலு



நவம்பர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. போனில், “சாப்பிட்டியா, சரி வெச்சுடறேன்” என்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கம்பெனிக்குப் பெயர் கொடுக்க நேற்றுக் கடைசி நாள். கொடுக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்காத இடத்தில் போய் நான் நிற்பது நியாயமாகப் படவில்லை.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

வாலு



நவம்பர் 23

வாலுக்கு,

சௌக்கியம் என்று எழுதிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும் என்று பழகிவிட்டது. சௌக்கியம்.

உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் போதாது. இரண்டு வாரம் உன் போட்டோவைப் பார்க்கப் பிடிக்கவில்லை, திருப்பி வைத்தேன். உன் அண்ணன் அது தானாகத் திரும்பிவிட்டது என்று நினைத்து ஆணியைச் சரிசெய்தார்.

பிறகு இரண்டாவது கடிதம் வந்தது. என் கோட்டையும் கருக்கினாய், உன்னுடையதையும் கருக்கிவிட்டு, அதைக் கொண்டுவந்து எனக்கு மரியாதை என்று காட்டுகிறாய். யார் கேட்டார்கள்? நீ பெயர் கொடுக்காததால் எனக்கு என்ன திரும்பக் கிடைத்தது? பைத்தியக்காரி.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். டிக்கெட்டோடு வீட்டுக்கு வந்து கருகின முதுகைப் பார்த்தேனே, முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. ‘அப்பாடா’ என்று இருந்தது. கோட்டின் இடது கை சரியாக உட்காரவில்லை, மூன்று தடவை பிரித்தும் தோளில் சுருக்கம் விழுந்தது. அங்கே படித்த பெண்கள் நூறு பேர் வருவார்கள், அந்தச் சுருக்கத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று எனக்கு உள்ளூர நடுக்கம். அலமாரியில் நானே தைத்த சாம்பல் நிறக் கவுன் இருந்தது. உன் அண்ணன் அழாத குறையாக, “அதைப் போட்டுக்கிட்டுக் கிளம்பு, நான் ரயிலேத்தி விடறேன்” என்றார். நான் உட்கார்ந்துகொண்டேன். அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டிருந்தால் போக வேண்டியதில்லை அல்லவா?

போகாதது நான்தான். அது வெளியே தெரியாமல் இருக்கத்தான் ஒன்பது வருஷமாக அவர் கையைச் சொல்லிக் காட்டினேன். சொல்லச் சொல்ல அது எனக்கே நிஜமாகிவிட்டது.

போன வாரம் ஒரு பீங்கான் தட்டை உடைத்தார். உடைத்துவிட்டு என்னைப் பார்த்து நின்றார். அந்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். உள்ளே போய் அழுதேன்.

நீ அவரிடம் சொல்லத்தான் வேண்டும். அது உன் கடன். ஆனால் எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லாதே, என் தலையில் அடித்துச் சத்தியம் செய்ததாக நினைத்துக்கொள். தெரிந்தால் அவர் என்னைப் பார்ப்பார். ஒன்பது வருஷத்தையும் அவர் முகத்தில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி



டிசம்பர் 9

அன்புள்ள அண்ணா,

நீ நலமா? உன் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் எழுதாததற்கு ஒரு காரணம்தான்.

நீ ஸ்விட்சை அணைத்தாய். பெட்டியை ஜன்னலோரம் நிமிர்த்தி வைத்தாய். உன் ஞாபகம் சரி. நீ படி இறங்கியபிறகு மறுபடி போட்டவள் நான், கோட்டில் வைத்தவள் நான். அண்ணி போய்விடக் கூடாது என்று வைத்தேன். நீ உன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். அதற்குப் பிறகும் நீதான் சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டாய், நீதான் இங்கே கொண்டுவந்து சேர்த்தாய்.

அந்தப் பச்சைத் துணிக்காக நான்கு கடை ஏறி இறங்கினேன். கிடைத்தாலும் தைத்திருக்க மாட்டேன். உன் பெயரில் அதைக் கொடுக்க என்னால் முடியாது.

கம்பெனி வந்துவிட்டுப் போய்விட்டது. ஆசிரியை எனக்காகக் கேட்டுப் பார்த்தார், தேதி முடிந்துவிட்டது என்றுவிட்டார்கள். அதற்கு நான் வருத்தப்படுகிறேன் என்பதையும் உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

பாப்பா



ஜனவரி 8

அன்புத் தங்கச்சி பாப்பாவுக்கு,

நலம். நீ நலமாக இரு.

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். முதலில் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அணைத்தேன், நிஜமாகவே அணைத்தேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், “எதை?” என்றார். பிறகு கோபம் வந்தது. அன்றைக்கு முழுக்க வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாப்பா. உன்னை நான் என்ன, அடித்தா இருப்பேன்? அடுத்த வருஷமும் அதே கம்பெனி ஆள் எடுத்தது, அவளைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெடுத்தவன் எந்த முகத்தோடு சொல்வது என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால்தான் இன்னும் ஆறவில்லை. ஆறும். நீ அதற்காகச் சாப்பிடாமல் கிடக்காதே.

வேலைக்கு வேறு கம்பெனி வரும், அப்போது பெயர் கொடு. இனிமேல் இப்படிச் செய்யாதே.

உன் அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், நீயும் சொல்லாதே. ஒன்பது வருஷம் என்னைச் சும்மா திட்டியிருக்கிறோம் என்று தெரிந்தால் அவள் உடைந்துபோவாள். உன்னையும் வெறுத்துவிடுவாள். என் கை என்றே இருக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது. உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. அக்டோபரிலிருந்து அவள் என்னிடம் மெதுவாகப் பேசுகிறாள். எது உடைந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள், கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஏன் என்று தெரியவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயந்து நான் கேட்கவே இல்லை.

உன் அண்ணன்